இரண்டு பேர், இரண்டு பை: அந்தமானா, லோம்போக்கா, தாய்லாந்தா, மாலத்தீவா?

தீவுப் பயணம் போக நினைக்கும் ஜோடிகள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. இந்த மூன்றும் அந்தமானில் உண்டு, இந்தோனேசியாவில் பாலிக்குப் பக்கத்துத் தீவான லோம்போக்கில் உண்டு, தாய்லாந்து வளைகுடாவில் உண்டு, மாலத்தீவிலும் உண்டு. ஆகவே படத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஒரு ரிசார்ட்டில் இறங்கி, நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு எந்த ஊரானாலும் சரிதான். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகிறவர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

என் அளவுகோல் இது. ஒரு தீவு பிடித்துப்போய், "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போகலாமா?" என்று இருவரில் ஒருவர் கேட்டால், மற்றவர் டிக்கெட்டை நினைத்துத் தயங்காமல் "சரி" என்று சொல்ல முடிய வேண்டும். இதைத் தீர்மானிப்பது கடற்கரை இல்லை, படகு. அடுத்த படகு எப்போது, அதில் இடம் கிடைக்குமா, இன்றைய டிக்கெட்டை விட்டால் எவ்வளவு போகும் என்பதில்தான் பயணத்தின் சுதந்திரம் இருக்கிறது. இந்தக் கேள்வியை வைத்து நான்கு இடங்களையும் பார்ப்போம்.

அதற்கு முன் காலண்டர்

எந்தத் தீவு என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். நம்மில் பலருக்கு லீவு சேர்ந்தாற்போல் கிடைப்பது பொங்கலை ஒட்டி, மே மாதத்தில், அப்புறம் தீபாவளிக்கு. இந்த மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்காது.

பொங்கல் சமயத்தில் அந்தமானும் மாலத்தீவும் நல்ல நிலையில் இருக்கும். கடல் அமைதி, மழை குறைவு. அதே ஜனவரியில் பாலியிலும் லோம்போக்கிலும் மழைக்காலம். மே மாதம் தலைகீழ். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே, மே மூன்றாம் வாரவாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும். லோம்போக்கில் அப்போதுதான் வறண்ட பருவம் தொடங்கியிருக்கும். அக்டோபர் வரை நீடிக்கும். தாய்லாந்து இதில் தனி ரகம். அதற்கு இரண்டு கரைகள் உண்டு. புக்கெட், கிராபி இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை. சாமுய், பங்கான், தாவோ இருக்கும் வளைகுடாப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதிலும் நவம்பரில் கொட்டித் தீர்க்கும். ஒரே நாட்டுக்குள் கரையை மாற்றிக்கொண்டால் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஏதோ ஒரு கடல் திறந்திருக்கும்.

தீபாவளிதான் சிக்கலான லீவு. வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம் என்பதால் அந்தமான் படகுகளை நம்பி நாள் குறிப்பது கஷ்டம். தீபாவளி அக்டோபரில் வந்தால் லோம்போக், நவம்பரில் வந்தால் கிராபிக்குத் தெற்கே கோ லந்தா, கோ லிப்பே பக்கம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திரும்ப வரப்போவதில்லை.

அந்தமான்

பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கையில் நாள் நிறைய இருந்தால் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள் பயணம். மாதத்துக்குச் சில கப்பல்களே கிளம்பும் என்பதால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2024-இல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் 2018-இலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது, நீல் தீவு ஷாகீத் தீவு ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஜெட்டியில் பழைய பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்ரீ விஜயபுரத்துக்குள் அபர்தீன் பஜார் பக்கம் தமிழ் சரளமாகக் காதில் விழும். பல தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவை. ஹேவ்லாக்கிலும் நீலிலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம், அதனால் கடைகளில் வங்காளி மீன் குழம்பும் சோறும் சுவையாகக் கிடைக்கும்.

சரி, படகு? இங்கேதான் அந்தமான் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் நடுவே அரசுப் படகும் ஓடுகிறது, தனியார் கேட்டமரான்களும் ஓடுகின்றன. தனியார் படகு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக்கில் சேர்த்துவிடும். பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஏசி கேபினுக்குள் எண் போட்ட சீட்டில் உட்கார வேண்டும், கடலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். அரசுப் படகு மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் நின்றுகொண்டே வரலாம். காய்கறி மூட்டை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் தீவுக்காரர்கள், பறக்கும் மீன் என்று வழியெல்லாம் ஏதாவது கண்ணில் படும். கட்டணமும் பல மடங்கு குறைவு. என் ஓட்டு அரசுப் படகுக்கே. ஆனால் டிசம்பர், ஜனவரியில் இரண்டுமே நிரம்பிவிடும். "இன்னும் ஒரு நாள்" என்று நீங்கள் நினைக்கும்போது அடுத்த நாள் படகில் இடம் இருக்காது. ஆகவே அந்தமானில் நாள்களை முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தீவில் அதிகம் என்று கேட்டால் நான் நீலைச் சொல்வேன்.

காரணம், நீல் சைக்கிளில் சுற்றி முடிக்கக்கூடிய தீவு. காலை சீதாபூர் கடற்கரையில் சூரியன் உதிக்கும். மாலை லக்ஷ்மண்பூரில் மறையும். நடுவில் வாழைத்தோட்டமும் காய்கறிப் பாத்தியும். கடல் வற்றும் நேரத்தில் இயற்கைப் பாலப் பாறைப் பக்கம் போனால், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரியும் சின்னச் சின்ன மீன்களும் நண்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம் அது. கடல் ஏறியிருக்கும்போது போனால் ஒன்றும் தெரியாது. அங்கே எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் அன்றைய வற்றும் நேரத்தைச் சொல்லிவிடுவார்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை அதன் பெயருக்குக் குறைவைக்காது. எலிஃபன்ட் பீச்சுக்கு ஸ்பீட்போட்டில் போவதைவிட, சாலையோரத்தில் தொடங்கும் காட்டுப் பாதையில் நடந்து போவது எனக்குப் பிடிக்கும். ஸ்கூபா கற்றுக்கொள்ள நினைத்தாலும் இங்கே பள்ளிகள் உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் கிழக்கே அவ்வளவு தூரம் இழுக்கப்படுவதால், குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், விடியலும் ஐந்தரை வாக்கிலேயே வந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து பழகிய ஜோடி பகலில் பாதியைத் தூங்கியே கழித்துவிடும்.

கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குச் சின்ன அந்தமான் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹட் பேவுக்குக் கப்பல், பெரும்பாலும் இரவுப் பயணம். பட்லர் பேயில் அலைச்சறுக்கு அலைகள் வரும். ஆனால் ரூம் குறைவு, கப்பல் நேரம் மாறும், செல்போன் சிக்னலை நம்ப முடியாது. கடைசி நாள்களில் இதை வைத்துக்கொண்டு விமானத்தை விட்டுவிடாதீர்கள், பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். உப்புநீர் முதலை இருக்கிறது என்று பலகை வைத்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில்கூட இறங்கக் கூடாது.

பாராடாங் பயணத்தைப் பலர் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியாகப் போகிறது. அவர்களைப் படம் எடுப்பதும் எதையாவது கொடுப்பதும் குற்றம். சுண்ணாம்புக் குகையைப் பார்க்க என்று கிளம்பி, வண்டி ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடுகிற பயணமாக அது மாறிவிடுகிறது. நான் அதைச் சேர்க்க மாட்டேன், நீங்களும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லோம்போக்கும் கிலித் தீவுகளும்

"இன்னும் ஒரு நாள்" என்ற கேள்விக்கு இந்த நான்கில் மிகத் தாராளமாக "சரி" சொல்வது இந்தோனேசியாதான். பாலியில் பாடங் பாய் துறைமுகத்திலிருந்து லோம்போக்கின் லெம்பார் துறைமுகத்துக்குக் கார், லாரி எல்லாம் ஏற்றிச் செல்லும் பெரிய ஃபெர்ரி இரவும் பகலும் ஓடுகிறது. நான்கைந்து மணி நேரம் ஆகும். அன்றைக்கே டிக்கெட் எடுத்து ஏறிக்கொள்ளலாம். பாலியிலிருந்து நேரே கிலிக்குப் போகும் வேகப் படகுகளும் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் அந்த நீரிணையில் அலை உயரமாக இருக்கும், வயிறு புரட்டுகிறவர்கள் பெரிய ஃபெர்ரியில் போவதே நல்லது.

லோம்போக்கின் வடமேற்கே கிலி ட்ரவாங்கான், கிலி மெனோ, கிலி ஆயர் என்று மூன்று குட்டித் தீவுகள். மோட்டார் வண்டியே கிடையாது. சைக்கிள், குதிரை வண்டி, இல்லையென்றால் நடை. இவற்றுக்குப் போக பங்சால் ஜெட்டிக்கு வர வேண்டும். ஜெட்டிக்கு வெளியே தரகர்கள் மறிப்பார்கள், நின்று பேசாமல் நேரே உள்ளே இருக்கும் கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள். பொதுப் படகு என்பது நீளமான மரப் படகு, இருபுறமும் கட்டை கட்டியிருக்கும். ஆள் சேர்ந்ததும் கிளம்பும். முட்டை அட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், பள்ளி ஆசிரியை, அவர்களுக்கு நடுவே உங்கள் இரண்டு பை. அரை மணி நேரத்துக்குள் கிலி ஆயரில், செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிக் கரையேறலாம். நாளைக்குக் கிளம்புவதா, நாளன்றைக்கா என்பதை நாளைக் காலைதான் முடிவு செய்ய வேண்டும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ட்ரவாங்கானைவிட ஆயர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ட்ரவாங்கானில் இரவுக் கொண்டாட்டம் அதிகம். மெனோ மிக அமைதி, இரண்டு நாளில் சிலருக்கு அலுக்கும். ஆயர் இரண்டுக்கும் இடைப்பட்ட ரகம். கரையிலிருந்தே நீந்திப் போய் ஆமைகளைப் பார்க்கலாம், தீவைச் சுற்றி ஒன்றரை மணி நேரத்தில் நடந்து வந்துவிடலாம், ஊர்க்காரர்கள் வாழும் தெருவும் இருக்கிறது.

இன்னொரு பெரிய காரணம் லோம்போக் வெறும் கடல் மட்டும் இல்லை என்பது. 3,726 மீட்டர் உயர ரிஞ்ஜானி எரிமலை தீவின் வடபகுதியில் நிற்கிறது. இருவரில் ஒருவருக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொருவருக்கு நடக்கப் பிடிக்கும் என்றால் இந்தத் தீவு இருவருக்கும் இடம் தரும். உச்சி வரை ஏற வேண்டும் என்றில்லை. மலையடிவாரத்தில் தெத்தேபாத்து என்ற ஊரில் நெல் வயல்களுக்கு நடுவே தங்கி, அருவிக்கு நடந்து போய் வரலாம். தெற்கே செலோங் பெலானாக் கடற்கரையில் அலை மென்மையாக இருப்பதால் அலைச்சறுக்கு கற்க ஏற்ற இடம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வாருங் என்னும் சின்னக் கடைகளில் சோறும் நாலைந்து தொட்டுக்கையும் தட்டில் வைத்துத் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சோயாவில் செய்த டெம்பேயும் டோஃபுவும் எங்கும் உண்டு. ஆனால் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ப்பது வழக்கம், "தன்பா தெராசி" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இறங்கியதும் விசா எடுக்கலாம், 5,00,000 ரூப்பியா, 30 நாள் செல்லும். பாலிக்குள் நுழைய 2024 முதல் தனியாக 1,50,000 ரூப்பியா வரி உண்டு. இரண்டையும் இருவருக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விமானச் செலவும் அந்தமானைவிட அதிகம். அதனால் பத்து நாளாவது லீவு இருந்தால்தான் இந்தப் பக்கம் போவது கட்டுப்படியாகும்.

கொமோடோ, ஃப்ளோரஸ் வரை ஒரே பயணத்தில் இழுக்க ஆசை வரும். அது தனிப் பயணமாகப் போக வேண்டிய தூரம்.

தாய்லாந்து வளைகுடா

வெளிநாட்டில் முதல் முறை பையோடு அலையப்போகிற ஜோடிக்கு இதுதான் மிகச் சுலபம். பாங்காக்கில் இரவு ரயிலேறி, படுத்துத் தூங்கி, அதிகாலையில் சும்போனில் இறங்கி, பஸ்ஸும் படகும் சேர்ந்த ஒரே டிக்கெட்டில் கோ தாவோவுக்குப் போய்விடலாம். அங்கிருந்து பங்கான், அங்கிருந்து சாமுய், அங்கிருந்து சூரத் தானி வழியாகத் திரும்பிவிடலாம். ஒரே பாதையில் திரும்ப வர வேண்டாத அழகான வட்டம் இது. நாளுக்குப் பல படகுகள், அதனால் ஒரு நாளைத் தள்ளிப்போடுவது இங்கேயும் எளிது. சாமுய்க்கு நேரே விமானம் உண்டு, ஆனால் விலை அதிகம்.

கோ தாவோ ஸ்கூபா கற்க உலகம் முழுவதிலிருந்தும் ஆள்கள் வரும் இடம். போட்டி அதிகம் என்பதால் கட்டணம் குறைவு. மூன்று நான்கு நாள் பயிற்சியில் 18 மீட்டர் வரை இறங்கும் சான்றிதழ் கிடைக்கும். இருவரும் சேர்ந்து கற்றால் ஒருவருக்கொருவர் துணையாக இறங்கலாம். காற்று இருக்கிறதா, எல்லாம் சரியா என்று தண்ணீருக்கடியில் கையசைவில் கேட்டுப் பதில் சொல்லப் பழகும் அந்த நாள்கள், இருவருக்கும் இடையே புதிதாக ஒரு நம்பிக்கையைக் கொண்டுவரும். எங்கே டைவ் செய்தாலும், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் தாவோவை வட்டத்தின் முதலில் வைப்பதே முறை.

எனக்குத் தாய்லாந்தில் குறை என்று தெரிவது கூட்டம்தான். பௌர்ணமி இரவுக் கொண்டாட்டத்தை ஒட்டி பங்கானின் ஹாட் ரின் பக்கம் ரூம் விலை ஏறிவிடும், கொண்டாட்டம் வேண்டாதவர்கள் அந்த வாரம் வடக்குக் கரைக்குப் போய்விடலாம். கூட்டம் கடலை என்ன செய்யும் என்பதற்கு மேற்குக் கரையின் மாயா பே சாட்சி. பவளப் பாறை அழிந்ததால் 2018-இல் மூடி, 2022-இல்தான் திறந்தார்கள். பவளத்துக்குக் கெடுதல் செய்யும் ரசாயனம் உள்ள சன்ஸ்கிரீனுக்குக் கடல் தேசியப் பூங்காக்களில் தடை இருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டால் பவளமும் தப்பும், தோலும் தப்பும்.

மாலத்தீவு, லட்சத்தீவு

மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டும் என்பது பழைய கதை. ரிசார்ட் இல்லாத, மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹஸ், திகுரா என்று பல தீவுகள். திகுரா பக்கத்துக் கடலில் ஆண்டு முழுக்கத் திமிங்கலச் சுறாவைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. பயணத்தின் நோக்கமே அதுதான் என்றால் வேறு யோசனையே வேண்டாம், மாலத்தீவுக்கே போங்கள். இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் தீவு தீவாகப் போகும் பயணத்துக்கு இது பொருந்தவில்லை. அரசு ஃபெர்ரி மலிவு, ஆனால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ஓடாது, சில தீவுகளுக்கு வாரத்தில் சில நாள் மட்டும்தான். ஒரு நாள் தள்ளிப்போட நினைத்தால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், அல்லது விலை கூடிய ஸ்பீட்போட். சிறிய விருந்தினர் இல்லத்தில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடத்தில் உடலை மூடிய உடை வேண்டும். காலையில் தேங்காய்த் துருவலும் சூரை மீனும் பிசைந்த மஸ் ஹுனியை ரொட்டியோடு சாப்பிடும்போது சொந்த ஊர் மாதிரி இருக்கும். சைவத்துக்கு மட்டும் சின்னத் தீவுகளில் திண்டாட்டம். ஒரே தீவில் ஐந்து நாள் உட்காருவதற்கு மாலத்தீவு நல்ல இடம்.

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதில் எந்தத் தீவு, எத்தனை நாள் என்பது முன்பே முடிவாகியிருக்கும். நினைத்தபடி திரிய இடம் இல்லாததால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

இருவர் என்பதால் மாறும் கணக்கு

தனியாகப் போகிறவருக்கு ஹாஸ்டல் படுக்கை லாபம். இருவர் என்றால் இரண்டு படுக்கையின் விலைக்கு, லோம்போக்கிலும் தாய்லாந்திலும் பல இடங்களில் மின்விசிறி போட்ட தனி ரூமே கிடைக்கும். அதனால் ஹாஸ்டல் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆளுக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் ஏறினால் மணலில் நடக்கும்போது இருவரில் ஒருவர் இரண்டு பையையும் சுமக்கிற நிலை வந்து, அந்த மாலை சண்டையில் முடியும். பற்பசை, சார்ஜர், மருந்து எல்லாம் இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும். கடல் ஒத்துக்கொள்ளாதவர் வாந்தி மாத்திரையைப் படகு ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை.

வெளிநாட்டில் ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்குங்கள். அது இல்லாமல் விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். அந்தமானில் நம் லைசென்ஸே போதும்.

என் தேர்வு

பொங்கலை ஒட்டி ஒரு வாரம் என்றால் அந்தமான். ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் மூன்று, படகு டிக்கெட் எல்லாம் முன்பே எடுத்துவிட வேண்டும். மே முதல் செப்டம்பருக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் கிடைத்தால் யோசிக்காமல் லோம்போக்: பாலியில் இறங்கி ஃபெர்ரியில் லெம்பார், தெற்குக் கடற்கரை, மலையடிவாரம், கடைசியில் கிலி ஆயர். இருவருமே இதுவரை வெளிநாடு போனதில்லை, அல்லது ஸ்கூபா கற்பதே முக்கியம் என்றால் அதே மாதங்களில் கோ தாவோ. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லோம்போக்குக்கும் தாவோவுக்கும் போகிறவர்கள் முதல் இரண்டு இரவுக்கும் விமானத்துக்கு முந்தைய இரவுக்கும் மட்டும் ரூம் போட்டால் போதும். நடுவில் உள்ளதை அங்கே போய் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.